கறுப்பாகத் தெரிந்த சாம்பிள்கள்

3 வாரத்தில் 19 சாம்பிள்களைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே நோட்டில் ஒரே வரிதான் இருக்கிறது: படிகம் வரவில்லை. சின்ன சிலிக்கான் வேஃபர் துண்டு, அதன்மேல் 60, 70 நானோமீட்டர் தடிமனில் இரண்டு பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்) கலந்த ஒரு மென்படலம், அதை உருக்கி, மெதுவாகக் குளிரவிட்டு, நுண்ணோக்கியில் போலரைசரையும் அனலைசரையும் குறுக்காக வைத்துப் பார்த்தால் கும்மிருட்டு. இரண்டும் ஒளியை வடிகட்டும் தகடுகள், குறுக்காக வைத்தால் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்புகிற படிகம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். ஒரு புள்ளி வெளிச்சம்கூடக் கிடையாது. வெப்பநிலையை மாற்றினேன், இன்னும் அதிக நேரம் காத்திருந்தேன், கரைப்பானில் குறையோ என்று புது பாட்டில் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் மூத்தவர் (ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான்) போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "அனலைசரை வெளிய இழுத்துட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. இழுத்தேன். படலம் முழுக்கக் கிளைகள். மரம் மாதிரி, பாசி மாதிரி, ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து பிரிந்து ஓரம் வரைக்கும் போயிருந்தது. "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருந்தே?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். குப்பைத் தொட்டி அன்று காலையில்தான் காலியாகியிருந்தது.

இந்த அசட்டுத்தனத்துக்குக் காரணம் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை, பாடமாகப் படித்து மதிப்பெண் வாங்கிய விஷயம்தான், அதனால்தான் கூடுதலாக எரிச்சல். பாலிமர் சங்கிலி படிகமாகும்போது நீட்டி நிமிர்ந்து நிற்பதில்லை, முன்னும் பின்னுமாக மடங்கி மடங்கி ஒரு தட்டையான தகடாக அடுக்கிக்கொள்ளும். 1957-இல் ஆண்ட்ரூ கெல்லர் பாலிஎத்திலீனின் தனிப்படிகங்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். தகட்டின் தடிமன் ஏறக்குறைய 10 நானோமீட்டர், சங்கிலியோ அதைப் போல எத்தனையோ மடங்கு நீளம், அதுவும் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறது. அவ்வளவு நீளம் அந்த 10 நானோமீட்டருக்குள் அடங்க வேண்டுமென்றால் மடங்கித்தான் ஆக வேண்டும். இந்தத் தகட்டுக்கு லாமெல்லா என்று பெயர். மென்படலத்தில் இது பெரும்பாலும் தரையில் பாய் விரித்தது போலப் படுத்துக்கொள்ளும், சங்கிலிகள் எல்லாம் நம் கண்ணை நோக்கி நிமிர்ந்து நிற்கும். அந்தத் திசையிலிருந்து பார்க்கிறபோது ஒளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், இரட்டை விலகல் (திசைக்குத் திசை ஒளியின் வேகம் மாறுவது) என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது, ஆகவே குறுக்குப் போலரைசரில் இருட்டு. படலமும் மெல்லியது என்பதால் கொஞ்சநஞ்சம் இருப்பதும் தெரியாது. படிகம் இல்லாததால் வந்த இருட்டு அல்ல அது, படிகம் படுத்திருந்ததால் வந்த இருட்டு.

தடிமனான சாம்பிளில் பழகியவர்களுக்குத்தான் இந்தத் தவறு வரும். அங்கே காட்சியே வேறு. 20, 30 மைக்ரான் தடிமனில் உருகிய பாலிமரை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துக் குளிரவிட்டால், முதலில் கறுப்பு, அப்புறம் எங்கோ ஒரு ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அது வட்டமாகப் பெரிதாகும், நடுவில் ஒரு கறுப்புச் சிலுவை தெரியும். இதுதான் ஸ்ஃபெருலைட். மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் லாமெல்லாக்கள் ஆரங்களாகப் பாய்ந்திருப்பதால், எந்த ஆரம் போலரைசருக்கோ அனலைசருக்கோ இணையாக அமைகிறதோ அங்கே ஒளி அணைந்துபோகும். சாம்பிளை எப்படித் திருப்பினாலும் சிலுவை திரும்பாது, அதே இடத்தில் நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது ஏதோ கண்கட்டு வித்தை மாதிரி இருக்கும். இரண்டு வட்டங்கள் முட்டிக்கொள்ளும் எல்லையையும் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் முளைத்திருந்தால் நடுவில் நேர்கோடு, ஒன்று முந்தி ஒன்று பிந்தி முளைத்திருந்தால் வளைந்த கோடு, கணக்குப் போட்டால் அதிபரவளையம் என்று வரும். முடிந்துபோன சாம்பிளைப் பார்த்தே எது மூத்தது எது இளையது என்று சொல்லிவிடலாம்.

சரி, கலவைக்கு வருகிறேன். நான் வைத்திருந்தது பி.இ.ஓ., அதாவது பாலிஎத்திலீன் ஆக்சைடு, கூடவே பி.எம்.எம்.ஏ., அதாவது அக்ரிலிக் கண்ணாடி செய்கிற பொருள். முதலாவது நன்றாகப் படிகமாகும், 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். இரண்டாவது என்ன செய்தாலும் படிகமாகாது, ஒழுங்கில்லாமல் உறைந்த கண்ணாடிதான் அது. உருகிய நிலையில் இரண்டும் நன்றாகக் கலந்துவிடும், அதனால்தான் இந்த ஜோடி இத்தனை வருடமாக ஆய்வாளர்கள் கையில் அடிபடுகிறது. குளிரவிட்டால் பி.இ.ஓ. படிகமாகக் கிளம்பும், பி.எம்.எம்.ஏ. நடுவில் நின்று மறிக்கும்.

எவ்வளவு மறிக்கும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். பி.இ.ஓ. சங்கிலி அசைவு நின்று கண்ணாடியாகும் வெப்பநிலை மைனஸ் 60 பக்கம், பி.எம்.எம்.ஏ.வுக்கு 105 பக்கம். கலவைக்கு ஃபாக்ஸ் சமன்பாடு என்று ஒன்று இருக்கிறது, எடைப் பங்குகளைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்துக் கூட்டித் தலைகீழாக்க வேண்டும், அவ்வளவுதான். பாதிக்குப் பாதி கலந்தால் விடை 0 டிகிரியைத் தொட்டுக்கொண்டு வருகிறது. 70 சதவீதம் பி.எம்.எம்.ஏ. என்றால் 34. 80 சதவீதம் என்றால் 54. 90 சதவீதம் என்றால் 78, அது பி.இ.ஓ. உருகும் வெப்பநிலைக்கும் மேலே! உருகுநிலைக்கு மேலே படிகமாகாது, கண்ணாடி நிலைக்குக் கீழே சங்கிலி நகராது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்துதான் படிகத்துக்குக் கிடைக்கிற வாழ்க்கை, அந்தச் சந்து கலவையில் பி.எம்.எம்.ஏ. ஏற ஏறக் குறுகிக்கொண்டே வந்து கடைசியில் மூடிவிடுகிறது. போதாக்குறைக்கு மேல்பக்கமும் இறங்கும்: நன்றாகக் கலக்கும் துணை கூட இருந்தால் உருகுநிலையே கொஞ்சம் தாழும், 1975-இல் நிஷி, வாங் என்ற இருவர் பி.வி.டி.எஃப். என்ற இன்னொரு பாலிமரும் பி.எம்.எம்.ஏ.வும் சேர்ந்த ஜோடியை வைத்து இதைக் காட்டி, அந்தச் சரிவிலிருந்தே இரண்டு பாலிமரும் எவ்வளவு ஒட்டுதல் என்று கணக்கிட்டார்கள். ஃபாக்ஸ் சமன்பாடு தோராயம்தான், இந்த ஜோடிக்கு அது அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனால் 80 சதவீதக் கலவையை வைத்துக்கொண்டு 40 டிகிரியில் இரண்டு நாள் காத்திருக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல இந்தத் தோராயம் போதும். நான் காத்திருந்தேன். இரண்டு நாள் இல்லை, நான்கு.

இதுவரை சொன்னது தடிமனான சாம்பிளுக்கும் பொருந்தும். மென்படலத்தில் விஷயம் திசைமாறும் இடம் ஒன்று இருக்கிறது, எனக்கு மொத்தமும் பிடிபட்டதே அந்த இடத்தில்தான்.

படிகம் வளர்கிறது என்றால் முன்னால் இருக்கிற திரவத்திலிருந்து பி.இ.ஓ.வை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. பி.எம்.எம்.ஏ.வுக்கு அந்த அடுக்கில் இடமில்லை, அதைத் தள்ளிவிட வேண்டும். எங்கே தள்ளுவது? தடிமனான சாம்பிளில் மேலே, கீழே, பக்கத்தில், இரண்டு லாமெல்லாவுக்கு நடுவில் என்று ஒதுக்க இடம் தாராளம். 70 நானோமீட்டர் படலத்தில் தகடு படுத்துக்கொண்டால் மேலே காற்று, கீழே சிலிக்கான். முக்கியமாகத் தள்ள முடிகிற இடம் பக்கவாட்டில் முன்னால் மட்டும்தான், அதாவது படிகம் அடுத்து எங்கே போக வேண்டுமோ அதே இடத்தில். கூட்டமான நடைபாதையில் பெருக்கிக்கொண்டே முன்னால் நகர்பவர் நிலைமைதான், போகப் போகக் குப்பை அவர் முன்னாலேயே குவியும். அந்தக் குவியலில் பி.எம்.எம்.ஏ. அடர்த்தி ஏறுகிறது, ஏறினால் மேலே போட்ட கணக்கின்படி அந்த ஒரு இடத்தில் மட்டும் கண்ணாடி நிலை வெப்பநிலை ஏறுகிறது, ஏறினால் சங்கிலி நகர்வது மெதுவாகிறது, மெதுவானால் குவியல் கரைய இன்னும் நேரமாகிறது. படிகம் தன் வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறது.

இப்போது முன்வரிசையில் ஏதோ தற்செயலாக ஓரிடம் மட்டும் இம்மியளவு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த நுனி குவியலைத் தாண்டிப் புதுத் திரவத்துக்கு அருகில் இருக்கிறது, தான் தள்ளுவதையும் இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட முடிகிறது. ஆகவே வேகமாக வளரும், இன்னும் நீளும். அதன் பக்கவாட்டில் பின்தங்கியவை ஒதுக்கப்பட்ட பி.எம்.எம்.ஏ.வில் இன்னும் ஆழமாக மூழ்கும். முந்தியவன் முந்திக்கொண்டே போவான், பிந்தியவன் அங்கேயே நிற்பான். வட்டமாக இருந்தது விரல் விரலாகப் பிரிவது இப்படித்தான். 1963, 64-இல் மலின்ஸும் செகெர்காவும் உலோகங்கள் உறைவதை மனதில் வைத்து இந்த நிலைகுலைவுக்குக் கணக்கு எழுதினார்கள். உலோகத்துக்கு எழுதிய கணக்கு பாலிமருக்கும் ஓடுகிறது, பனித்துகளுக்கும் ஓடுகிறது. நுனி கட்டுக்கடங்காமல் மெலிந்துகொண்டே போகாமல் பிடித்து வைப்பது பரப்பு ஆற்றல், கூர்மையாக இருப்பது படிகத்துக்குச் செலவு. கிளையின் அகலம் இந்த இழுபறியில் முடிவாகிறது.

ஆக, கிளையை வரைவது பி.இ.ஓ. என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரைவது பி.எம்.எம்.ஏ. படிகத்தில் ஒரு மூலக்கூறுகூட அதனுடையது இல்லை, ஆனால் படிகம் எங்கே போகலாம் எங்கே போகக்கூடாது என்று கோடு போட்டுக் கொடுப்பது அதுதான். முடிந்துபோன படலத்தில் கிளைகளுக்கு நடுவே தெரிகிற வெற்றிடம் வெற்றிடமே அல்ல, தள்ளப்பட்டவை ஒதுங்கி நிற்கிற இடம். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்தையும் நான் தலைகீழாகப் பார்க்க ஆரம்பித்தேன், கிளையை விட்டுவிட்டு இடைவெளியை.

எவ்வளவு அகலமான இடைவெளி வரும் என்று ஊகிக்க ஒரு பழைய வழி உண்டு. 1963-இல் கீத், பேடன் என்ற இருவர் ஸ்ஃபெருலைட் ஏன் இழை இழையாக இருக்கிறது என்று விளக்கப் போய், ஒதுக்கப்படும் பொருளின் பரவல் எண்ணை, அதாவது அது எவ்வளவு சுலபமாகப் பரவுகிறது என்பதன் அளவை, படிகம் வளர்கிற வேகத்தால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும், அதுதான் முக்கியம் என்றார்கள். டெல்டா என்று குறிப்பார்கள். பரவல் எண் நொடிக்கு 10-இன் மைனஸ் 14-ஆம் அடுக்கு சதுர மீட்டர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். படிகம் நொடிக்கு 1 மைக்ரான் ஓடினால் டெல்டா வெறும் 10 நானோமீட்டர், லாமெல்லா தடிமன் அளவு, நுண்ணோக்கியில் எதுவும் தெரியாது, ஒரே வட்டமாகத்தான் இருக்கும். அதே படிகம் 100 நொடிக்கு 1 மைக்ரான் என்று நடந்தால் டெல்டா 1 மைக்ரான், இப்போது நுண்ணோக்கியில் தெரிகிற சொரசொரப்பு. இந்தக் கணக்கை யாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பரப்பு ஆற்றல் இதில் வரவே இல்லை. ஆனால் போக்கைச் சரியாகச் சொல்லும்: அதிக வெப்பநிலையில், அதாவது உருகுநிலைக்குக் கிட்டத்தில், படிகம் நிதானமாக வளரும், பொருளும் வேகமாகப் பரவும், அதனால் கிளைகள் தடித்து இடைவெளி அகலும். கீழே இறக்க இறக்கக் கிளை நெருங்கி மெலியும்.

என் தொடரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எல்லாம் ஒரே தடிமன், எல்லாம் 80 டிகிரியில் உருக்கி 40-க்குக் கொண்டுவந்தவை. தனி பி.இ.ஓ. கெட்டியான வட்டம், ஓரம் கொஞ்சம் கரடு. 30 சதவீதம் பி.எம்.எம்.ஏ. சேர்த்ததும் ஓரம் பிசிறடிக்க ஆரம்பித்தது. பாதிக்குப் பாதியில் பாசி. நுனி கொஞ்ச தூரம் போகும், தயங்கும், இரண்டாகப் பிளக்கும், இரண்டும் கொஞ்ச தூரம் போய் மறுபடி பிளக்கும், எந்தத் திசைக்கும் விசுவாசம் கிடையாது. 65 சதவீதத்தில் சட்டென்று ஒழுங்கு வந்துவிட்டது. நேராக ஓடுகிற தண்டு, அதிலிருந்து செங்கோணத்தில் பக்கக் கிளை, அதிலிருந்து மறுபடி செங்கோணத்தில் குட்டிக் கிளை. இதற்குப் பெயர் டெண்ட்ரைட். 80-இல் நான்கு நாள் காத்திருந்த கதை, ஒன்றும் இல்லை, அது உண்மையான இருட்டு.

பாசிக்கும் டெண்ட்ரைட்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், படிகத்தின் உள்ளே இருக்கிற திசைப் பிடிவாதம் வெளியே தெரிகிறதா இல்லையா என்பதுதான். பி.இ.ஓ.வின் தனிப்படிகத்தை நிதானமாக வளர்த்தால் ஏறக்குறையச் சதுரத் தட்டாக வரும், ஆகவே அதற்குப் பிடித்த திசைகள் நான்கு. பிடிவாதம் வலுவாக இருந்தால் நுனி பிளக்காமல் அந்தத் திசையிலேயே ஓடும், பின்னால்தான் கிளை விடும். வலுவில்லை என்றால், அல்லது முன்னால் நடக்கிற தள்ளுமுள்ளில் அது அமுங்கிப்போனால், நுனியே பிளந்து பாசியாகும். 65 சதவீதத்தில் ஒழுங்கு திரும்பி வந்தது எனக்கு அதிசயமாக இருந்தது, அசுத்தம் கூடினால் அலங்கோலம் கூடும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? மெதுவாக வளர்ந்தபோது படிகத்துக்குத் தன் சொந்தக் குணத்தைக் காட்ட அவகாசம் கிடைத்தது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இதற்கு இன்னும் கறாரான விளக்கம் வேண்டும் என்பவர்களோடு சண்டைக்கு வர மாட்டேன்.

படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் கடிகாரத்தையும் பார்ப்பது நல்லது. ஹாட் ஸ்டேஜில், அதாவது நுண்ணோக்கியின் சூடாக்கும் மேடையில், வைத்து 10 நொடிக்கு ஒரு படம் எடுத்து, மையத்திலிருந்து நுனி வரை தூரத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால், நேர்கோடு வருகிறதா வளைகிறதா என்பதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். நேர்கோடு என்றால் நுனி எப்போதும் புதுத் திரவத்தையே சந்திக்கிறது, குவியல் அதைப் பிடிக்கவில்லை. நேரத்தின் வர்க்கமூலத்தைப் போல வளைந்தால் பரவல்தான் கடிவாளம் பிடித்திருக்கிறது. என் பாதிக்குப் பாதி சாம்பிளில் முதல் சில நிமிடம் நேர்கோடு, அப்புறம் மெல்ல வளைவு. முதலில் கோட்டை இழுத்து நேராக்கப் பார்த்தேன், ஸ்டேஜ் வெப்பநிலை நகர்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு. அந்த வளைவில்தான் விஷயமே இருந்தது.

கலவையே இல்லாவிட்டாலும் படலம் ரொம்ப மெலிந்தால் கிளை வரும், இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பழியும் பி.எம்.எம்.ஏ. தலையில் விழும். படலம் 5 நானோமீட்டர், லாமெல்லா 10 நானோமீட்டர் என்றால் படிகம் நின்று வளரத் தேவையான சரக்கே அக்கம்பக்கத்தில் பாதிதான் இருக்கிறது. சுற்றிலும் இருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். இங்கே தள்ளுவது பிரச்சினை இல்லை, வரவழைப்பதுதான் பிரச்சினை, ஆனால் நுனிக்கு வாய்ப்பு அதிகம் என்கிற கணக்கு அதேதான். ஏ.எஃப்.எம். (நுண்ணிய ஊசிமுனையால் பரப்பைத் தடவி உயரம் அளக்கிற கருவி) வைத்து மேடுபள்ளம் எடுத்தால் கிளையின் ஓரத்தை ஒட்டி ஒரு பள்ளம் ஓடுவது தெரியும், அங்கிருந்த திரவம் கிளைக்குள் போய்விட்டது. தரை தெரிகிற அளவுக்குக்கூடச் சில இடத்தில் வழித்து எடுத்திருக்கும்.

தடிமனைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு தடவையும் பெரிய கருவிக்கு ஓட வேண்டாம், சிலிக்கான் மேலே படலத்தின் நிறமே சொல்லும். 50 நானோமீட்டர் பக்கம் மங்கிய பழுப்பு, 100 பக்கம் அடர்ந்த ஊதா, 120-ஐத் தாண்டினால் நீலம், 150-இல் வெளிர்நீலம். பழகிவிட்டால், கரைசலைச் சுழற்றிப் படலமாகப் பரப்புகிற ஸ்பின் கோட்டர் நின்றதும் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தே இது சரியில்லை என்று ஓரமாக வைத்துவிடலாம்.

ஏமாற்றும் வடிவங்களும் உண்டு. எனக்கு அதிகம் தண்ணி காட்டியது வட்ட வட்டமான குழிகள், தேன்கூடு மாதிரி வரிசையாக. கலவை பிரிந்துவிட்டது, இரண்டு பாலிமரும் தனித்தனியாகப் போய்விட்டன என்று அரைப்பக்கம் எழுதியே வைத்தேன். நடந்தது வேறு. கரைப்பானான குளோரோஃபார்ம் சுழலும்போது வேகமாக ஆவியாகிறது, ஆவியாகும்போது படலம் சில்லிட்டுப்போகிறது, காற்றில் ஈரம் இருந்தால் அதன்மேல் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் படிகின்றன, கண்ணாடியில் ஊதினால் படிகிற மாதிரி. துளி உலர்ந்ததும் குழி மிச்சம். மூடிக்குள் உலர் நைட்ரஜனை விட்டுச் சுழற்றியதும் தேன்கூடு மறைந்தது. பி.இ.ஓ. தண்ணீரிலேயே கரைகிற பாலிமர், அதை ஈரக்காற்றில் கையாள்வது ஆழம் தெரியாமல் காலை விடுகிற வேலை. தயாரான படலத்தைத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் கிளை ஓரங்கள் மழுங்கியிருக்கும். உருக்கும்போது படலம் அங்கங்கே சுருங்கித் தரையை விட்டு விலகுவதும் குழியாகத்தான் தெரியும், ஆனால் அந்தக் குழிக்கு ஓரத்தில் தடித்த வரப்பு இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம்.

முளைப்பதைப் பற்றியும் கொஞ்சம். கிளைகளின் மையத்தை உருப்பெருக்கினால் பெரும்பாலும் ஏதோ ஒரு தூசியோ இடுக்கியின் கீறலோ இருக்கும். படிகம் தானாகத் தொடங்குவது அத்தனை சுலபமில்லை. படலத்தை ஆயிரக்கணக்கான நுண்துளிகளாக உடையவிட்டால் பெரும்பாலான துளிகளில் தூசி இருக்காது, அப்படிப்பட்ட பி.இ.ஓ. துளிகள் 0 டிகிரிக்கும் கீழே போன பிறகுதான் உறைகின்றன, உருகுநிலை 65 பக்கம் இருந்தும்! தூசி இல்லையென்றால் அவ்வளவு தயக்கம். இன்னொரு தொல்லை, பழைய ஞாபகம். 70 டிகிரியில் ஒரு நிமிடம் காட்டிவிட்டு உருகிவிட்டது என்று நினைத்தால், மறுபடி குளிர்விக்கும்போது அதே இடங்களில் அதே எண்ணிக்கையில் முளைக்கும். மிச்சமீதிப் படிகங்கள் உள்ளே இருந்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்வதற்கு முன், ஒரே சாம்பிளை ஐந்து தடவை உருக்கி ஐந்து தடவையும் ஒரே முடிவு வந்ததைப் பார்த்து என் அளவீடு எவ்வளவு துல்லியம் என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

வளையம் வளையமாக வரும் படிகங்களைப் பற்றி யாராவது கேட்பார்கள். தடிமனான படலத்தில் லாமெல்லா முறுக்கிக்கொண்டு வளர்வதால் வருவது ஒரு வகை, முன்னால் சரக்கு தீர்ந்து நின்று, சேர்ந்ததும் மறுபடி ஓடி, மறுபடி நின்று வருவது இன்னொரு வகை. இரண்டாவதில் வளையங்கள் உயரத்திலேயே மேடுபள்ளமாக இருக்கும். அனலைசரை இழுத்த பிறகும் வளையம் அப்படியே தெரிந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அனலைசரை இழுப்பதில் இப்போது நான் கைதேர்ந்தவன்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பி.இ.ஓ.வில் லித்தியம் உப்பைக் கரைத்து பேட்டரிக்குத் திட எலெக்ட்ரோலைட் செய்கிறார்கள், அயனிகள் ஓடுவது பெரும்பாலும் படிகமாகாத பகுதியில்தான், அங்கே படிகம் வேண்டாத விருந்தாளி. பாலிமர் சூரிய மின்கலத்தில் நேர் எதிர், ஓரளவு படிகம் வேண்டும், ஆனால் 10, 20 நானோமீட்டருக்குள் அடங்கி இருக்க வேண்டும், கிளை விட்டு மைக்ரான் கணக்கில் ஓடினால் கலம் படுத்துவிடும். எனக்கு இரண்டிலும் வேலையில்லை, நான் படம் பார்க்கிறவன்.

போன வாரம் மேஜை இழுப்பறையைக் காலி செய்தபோது டப்பாவின் மூடியில் டேப்போடு ஒட்டிக்கொண்டு 7-ஆம் எண் சாம்பிள் கிடைத்தது, அந்த 19-இல் தப்பியது. நோட்டில் அதற்கு எதிரேயும் படிகம் வரவில்லை என்றுதான் இருக்கிறது. அனலைசர் இல்லாமல் வைத்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் என் விரல் ரேகை பதிந்திருக்கிறது, அந்த ரேகையின் வரிகளிலிருந்து வரிசையாகக் கிளைகள் முளைத்து நடுவை நோக்கிப் போயிருக்கின்றன, நடுவில் ஒரு தூசியைச் சுற்றி ஒதுங்கி வளைந்திருக்கின்றன. இவ்வளவு அழகான பாசி அதற்குப் பிறகு எனக்கு அமையவே இல்லை. எந்த வெப்பநிலையில் குளிர்வித்தேன், எத்தனை நேரம் வைத்தேன் என்று நோட்டைப் புரட்டினால் அந்த வரிகள் காலியாக இருக்கின்றன. ஒன்றும் வராத சாம்பிளுக்கு எதற்கு எழுதுவது என்று விட்டிருக்கிறேன்.